ஆம்பளைக்குப் பதினெட்டு, பொம்பளைக்கு இருபது

அவசர சிகிச்சைப் பிரிவின் முன் மேசையில் உட்காருகிறவள் நல்ல பேர் வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். ஒருவரை உள்ளே விட்டால் அடுத்தவர் கத்துவார், காத்திருக்கச் சொன்னால் இவர் சபிப்பார். அதனால் பழைய நர்ஸ் ஒருத்தியும் அந்த நாற்காலிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். புதிதாக எவள் வந்து சேருகிறாளோ அவள் தலையில் கட்டிவிடுவார்கள்.

இந்தத் தடவை வந்தவளுக்கு இருபத்து மூன்று வயது. இது அவளுக்கு இரண்டாவது ஆஸ்பத்திரி. முதல் ஆஸ்பத்திரியில் இரண்டே மாதத்தில், "பொண்ணு தங்கமான பொண்ணுதான், ஆனா ஸ்லோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் வேலையில் திருடி என்ற பேரைக்கூடக் கழுவிவிடலாம், ஸ்லோ என்ற பேரைக் கழுவ முடியாது. இங்கேயும் மூன்று மாதம் தற்காலிகம்தான். மூன்றாம் மாதக் கடைசியில் பெரிய சிஸ்டர் ஒரு தாளில் "வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆஸ்பத்திரிகள் ஒன்றையொன்று போனில் விசாரித்துக்கொள்ளும் என்பதால் மூன்றாவது இடம் என்று ஒன்று கிடைக்காது. அவளுக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. அக்கா வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். அக்கா புருஷன் தினமும் காலையில் செருப்பு மாட்டும்போது, "என்ன மச்சினி, இந்த வருஷத்துக்கு எத்தனை ஆஸ்பத்திரி?" என்று சிரிப்பார். அவருக்கு அது ஒரு தமாஷ். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

முன் மேசையில் வேலை இதுதான். வருகிறவரை உட்கார வைத்து, கையில் பட்டை சுற்றி, விரலில் கிளிப் மாட்டினால் மெஷின் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடும்: பிபி, நாடி, ஆக்ஸிஜன். நான்காவதை அது சொல்லாது. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்பதை மனுஷிதான் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். நான்கையும் சீட்டில் எழுதி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஓர் அட்டையைக் கையில் கட்டி அனுப்ப வேண்டும். பச்சை என்றால் காத்திருக்கலாம், மஞ்சள் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு மூச்சு இருபத்தைந்தைத் தாண்டினால் பேச்சே இல்லை, சிவப்பு, நேரே உள்ளே.

அவள் எண்ணினாள். படித்த இடத்தில் சொல்லிக் கொடுத்தபடி, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள். மூன்றாம் நாள் காலையில் அவள் பின்னாலிருந்து ஒரு குரல் சத்தமாகக் கேட்டது.

"அம்பத்தேழு, அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது. என்னம்மா, ராக்கெட் விடுறியா?"

அதுதான் ஊசி அக்கா. பதினாறு வருஷ சர்வீஸ். எந்தக் கையிலும் நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடுவாள் என்பதால் அந்தப் பேர். நாக்கும் அதே ஊசிதான் என்பது கூட இருப்பவர்களுக்குத் தெரியும். வரிசையில் நின்ற நோயாளிகள் சிரித்தார்கள். காது கிழிந்து ரத்தம் ஒழுக நின்ற ஓர் ஆள்கூடச் சிரித்தான். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அவளுக்கு "முழு நிமிஷம்" என்று பேர் விழுந்துவிட்டது.

"முழு நிமிஷம், அந்த வாந்தியைக் கொஞ்சம் தொடச்சு விடு." "முழு நிமிஷம், டீ வந்திருக்கு, ஆனா உனக்குத்தான் நேரமில்லையே." டீத் தட்டில் எல்லாருக்கும் கப் இருக்கும், அவளுக்கு இருக்காது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றாது. அது அப்படித்தான் அமையும், பதினொரு பேருக்குப் பத்து கப்பாக.

டாக்டரும் சளைத்தவர் இல்லை. ஒருநாள் அவள் எழுதிய சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டார்.

"மூச்சு இருபத்தி மூணுன்னு எழுதியிருக்கு. இருபத்தி மூணு எப்படி வரும்? இது என்ன ரயில் டைம் டேபிளா?"

"எண்ணினேன் சார்."

"எண்ணினியா? சரி, எண்ணு எண்ணு. வாசல் வரைக்கும் கூட்டம் நிக்குது, நீ எண்ணிக்கிட்டே இரு."

இரண்டாவது வாரத்தில் ஒரு பெரியவருக்கு முப்பத்து நான்கு வந்தது. அவள் சிவப்பு அட்டை கட்டி, அவரைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். படுக்க வைத்து, ரத்தம் எடுத்து, படம் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. மனுஷர் வரும் வழியில் மருமகனோடு சண்டை போட்டிருக்கிறார், கோபத்தில் மூச்சு வாங்கியிருக்கிறது. அன்று அந்தப் பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவரும் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் பெரிய சிஸ்டர் அவளைக் கூப்பிட்டாள். இருபத்தேழு வருஷமாக அந்தப் பிரிவைக் கட்டி ஆளுகிறவள். கத்த மாட்டாள், கோபப்பட மாட்டாள். அதுதான் பயமே.

"உக்காரும்மா. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

"நூறு பேர் இருக்கும் சிஸ்டர்."

"தலைக்கு ஒரு நிமிஷம்னா?"

"நூறு நிமிஷம்."

"கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மணி நேரம். அத்தனை நேரம் வாசல்ல நிக்கிறவன் என்ன ஆவான்? நெஞ்சுவலிக்காரன் நிப்பான், ரத்தம் ஒழுகுறவன் நிப்பான். நீ ஒருத்தியோட நெஞ்சைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. யாரும்மா கொடுமைக்காரி, நானா நீயா?"

அவள் மனதுக்குள் இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது.

"ஆம்பளைக்குப் பதினெட்டு, பொம்பளைக்கு இருபது, குழந்தைக்கு இருபத்தாறு. இருபத்தேழு வருஷமா இந்த ஆஸ்பத்திரி இதுலதான் ஓடுது. ஒருத்தருக்கு மூச்சு முட்டினா மூஞ்சியில தெரியும், எண்ணணும்னு அவசியமில்ல. பழகினா கண்ணு தானா பாத்துக்கும்." பெரிய சிஸ்டர் எழுந்துகொண்டாள். "முந்தின எடத்துல உன்னை என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். நானும் அதையே எழுத வேண்டாம்னு பாக்குறேன்."

உடனே மாறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். இன்னும் இரண்டு வாரம் அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினாள். பிறகு கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கினாள். பிறகு ஒரு திங்கட்கிழமை வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போயிருந்தபோது, ஓர் அம்மாளின் சீட்டில் அவள் கை தானாகவே இருபது என்று எழுதிவிட்டது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கே இன்னும் எழுபது பேருக்கு எழுதினாள். எழுபது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழும் என்று பார்த்தால் வரிசைதான் மளமளவென்று குறைந்தது.

மத்தியானம் டீ வந்தபோது பதினோராவது கப் இருந்தது. ஊசி அக்காவே எடுத்துக் கொடுத்தாள். "முழு நிமிஷம் இன்னைக்கு அரை நொடியா ஓடுதே" என்று தோளில் தட்டினாள். அந்த டீயைக் குடிக்கும்போது அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருக்க வேண்டும்தான், ஆனால் இல்லை, சந்தோஷம்தான். அன்று அக்கா வீட்டுக்குப் போய், "மாமா, இந்த வருஷத்துக்கு ஒரே ஆஸ்பத்திரிதான்" என்று அவளே தமாஷ் பண்ணினாள். பட்டப்பேர் மட்டும் மாறவில்லை. எண்ணுவதை விட்ட பிறகும் எல்லாரும் அவளை முழு நிமிஷம் என்றுதான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அந்த அம்மா வந்தாள்.

காலை பத்தே முக்கால் இருக்கும். நாற்பது வயது, வலது கால் முழங்கால் வரை மாவுக்கட்டு, அக்குளில் ஊன்றுகோல். பக்கத்தில் பதின்மூன்று வயசு மகள், அம்மாவின் பையையும் தன் பள்ளிக்கூடப் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு. அந்த அம்மா துணி தைக்கிற கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவள். ஈரத்தரையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு மூன்று வாரமாக வீட்டில் படுத்திருக்கிறாள்.

"காலோட போகும்னு பாத்தேன் சிஸ்டர்... நெஞ்சும் கூடச் சேந்துக்கிச்சு." சிரிக்கப் பார்த்தாள். வாக்கியம் நடுவில் ஒரு தடவை நின்றது. "காலையில இருந்து... ஒரு மாதிரி இருக்கு. பஸ்ஸுல இருந்து... இந்தக் கட்டையை வச்சு நடந்தேன்ல, அதான் வாங்குது."

முன் மேசைக்கு வருகிறவர்களில் நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் குறைவு. இவளுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. பட்டையைச் சுற்றினாள், கிளிப்பை மாட்டினாள். பிபி பரவாயில்லை. நாடி நூற்று எட்டு. ஆக்ஸிஜன் தொண்ணூற்று நாலு. நடந்து வந்தவளுக்கு இதெல்லாம் வரும். மூச்சு என்ற கட்டத்தில் இருபது என்று இருந்தது. அவள்தான் எழுதினாள், ஆனால் எப்போது எழுதினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்த அம்மா உட்காருவதற்கு முன்பே எழுதியிருப்பாள். மஞ்சள் அட்டையைக் கட்டினாள்.

"ஒரு மணி நேரத்துக்குள்ள டாக்டர் கூப்பிடுவாரும்மா. அந்த பெஞ்சுல உக்காருங்க."

"சரி சிஸ்டர். நீங்க பாத்தா... சரியாத்தான் இருக்கும்."

எண்ணி, முப்பதுக்கு மேல் என்று எழுதியிருந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் ஐந்து நிமிஷத்தில் டாக்டர். ஒடிந்த காலையும் மூச்சையும் சேர்த்துப் பார்த்த எந்த டாக்டருக்கும் நெற்றி சுருங்கியிருக்கும். படுத்தே கிடந்த காலில் ரத்தம் கட்டி, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் வியாதி அது. படிக்கும்போது அவளே பரீட்சையில் எழுதி எட்டுக்கு எட்டு மார்க் வாங்கின கேள்வி. அந்த அம்மாவும் மகளும் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் அடுத்த ஆளுக்குப் பதினெட்டு எழுதினாள்.

பதினொன்றரைக்கு பெஞ்சுப் பக்கம் சத்தம் கேட்டது. ஊன்றுகோல் தரையில் விழுந்த சத்தம்தான் முதலில். பிறகுதான் அந்தப் பெண் பிள்ளையின் குரல். இவள் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடியபோது அந்த அம்மா பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தாள். உதடு கருநீலமாக இருந்தது.

இவள் அப்போது ஸ்லோவாக இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தரையிலேயே மண்டியிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். கட்டிலுக்குத் தூக்கிய பிறகும் விடவில்லை, கட்டிலில் ஏறி அழுத்தினாள். ஊசி அக்கா இரண்டே நொடியில் நரம்பைப் பிடித்தாள். டாக்டர் தொண்டைக்குள் குழாய் போட்டார். பெரிய சிஸ்டர் மருந்து மருந்தாக எடுத்துக் கொடுத்தாள். ஒரு தப்பு நடக்கவில்லை, ஒரு பொருள் கைமாறித் தவறவில்லை. எல்லாரும் ஒரே உடம்பாக வேலை செய்தார்கள். நாற்பது நிமிஷம். மாவுக்கட்டுப் போட்ட கால் மட்டும் கட்டிலை விட்டு வெளியே தொங்கி, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் இறந்த நேரத்தைச் சொல்லிக் கையுறையைக் கழற்றினார். சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"மூச்சு இருபது." இன்னொரு தடவை படித்தார். "இருபதா?"

அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

துணி மாற்றும் அறையில் அவள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றபோது ஊசி அக்கா வந்து கதவைச் சாத்தினாள். தானே பொத்தானைப் போட்டுவிட்டாள், அம்மா பிள்ளைக்குப் போடுவதைப் போல, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக.

"எண்ணினியா?"

"இல்லக்கா."

"என்கிட்டச் சொல்லிட்ட, அதோட சரி. இனிமே இந்த வார்த்தை உன் வாயில இருந்து வரக்கூடாது. நீ எண்ணலைன்னா நாங்க யாரும் எண்ணலைன்னு அர்த்தம். புரியுதா? இருபத்தேழு வருஷத்துச் சீட்டு கீழே ரூம் நிறைய இருக்கு. உன் ஒருத்தி வாயால அத்தனையும் மேல வந்துடும்."

"அந்தப் பொண்ணு வெளிய நிக்குதுக்கா."

"நிக்கும். நாம என்ன செய்ய முடியும்? போய் மூஞ்சியக் கழுவு."

நான்காம் நாள் விசாரணை. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளரும் இன்னும் இரண்டு பேரும். மேசையில் அன்றைய சீட்டுகள் அத்தனையும் கட்டாக இருந்தன. கண்காணிப்பாளர் அதைப் புரட்டினார். பதினெட்டு, இருபது, இருபது, பதினெட்டு, இருபது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே பாதி தெரிந்துகொண்டிருந்தது. அவர் இருபது சீட்டு வரைக்கும் புரட்டினார். பிறகு கட்டை மூடி, ரப்பர் பேண்டைப் போட்டு, ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவரும் ஒரு காலத்தில் கீழே வேலை பார்த்தவர்தானே.

"இந்தப் பொண்ணு புதுசுதானே? எண்ணத் தெரியுமா?" என்று பெரிய சிஸ்டரைக் கேட்டார்.

"சார், இந்தப் பொண்ணுக்கு எங்க பிரிவுல பேரே முழு நிமிஷம். எண்ணி எண்ணி வரிசையை நிப்பாட்டிடும்னு நானே கண்டிச்சிருக்கேன். டாக்டரைக் கேளுங்க."

"ஆமா சார்," என்றார் டாக்டர். "நானும் கேலி பண்ணியிருக்கேன். இருபத்தி மூணெல்லாம் எழுதும்."

அடடா, என்ன கூத்து. எந்தப் பேரைச் சொல்லி அவளை அழ வைத்தார்களோ அந்தப் பேரையே குடையாகப் பிடித்தார்கள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கண்காணிப்பாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. அந்த அம்மாவுக்கு எண்ணினீங்களா?"

அவளுக்கு ஹாலில் சுருட்டி வைத்த பாய் நினைவுக்கு வந்தது. கூடவே அந்த அம்மா சிரிக்கப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"எண்ணினேன் சார்."

"எத்தனை?"

"இருபது."

திடீரென்று நேர்ந்த மரணம், முன்கூட்டி அறிய வழியில்லை என்று எழுதினார்கள். ஒன்றே ஒன்று பாக்கி. "விளக்கத்தைக் கேட்டுக்கொண்டோம், புகார் ஏதுமில்லை" என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். அது வந்தால்தான் கோப்பு மூடும், கோப்பு மூடினால்தான் பெரிய சிஸ்டர் அவள் தாளில் அந்த ஒரு வரியை எழுத முடியும்.

மூன்று மாதம் முடிகிற கடைசி நாள் மத்தியானம் இறந்துபோன அம்மாவின் புருஷன் வந்தார். குழாய் ரிப்பேர் பார்க்கிறவர். மனைவி போன அன்றைக்கு எங்கேயோ ஒரு மாடியில் தொட்டி மாட்டிக்கொண்டிருந்ததால் போனை எடுக்கவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஆஸ்பத்திரி கொடுத்த தாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பின்னால் மகள், அதே பள்ளிக்கூடப் பையோடு.

"நீங்கதானே அன்னைக்கு முன்னாடி உக்காந்திருந்த சிஸ்டர்? பெரிய சிஸ்டர் சொன்னாங்க. முழு நிமிஷம் எண்ணுவீங்களாமே." கைகூப்பினார். "எனக்கு யார் மேலயும் கோவம் இல்லம்மா. போன உசிரு போயிடுச்சு. ஆனா இவ ஒன்பது நாளா தூங்கல. சாப்பிட உக்காந்தா எந்திரிச்சுப் போயிடறா. ஒரே பேச்சையே பேசிக்கிட்டு இருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பா. எனக்கு அது போதும், நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

முன் மேசையில் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டு அவள் அவர்களை மருந்து அறைக்கு வெளியே இருந்த நடைபாதைக்குக் கூட்டிப் போனாள். பெரிய சிஸ்டர் அங்கே இல்லை, ஊசி அக்காவும் இல்லை. ஒருத்தரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவளால் யாரையும் கை காட்ட முடியாமல் போயிற்று.

"சொல்லும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பெஞ்சுக்கு எதிர்ல கடிகாரம் இருந்துச்சுக்கா. அம்மாவுக்கு ரொம்ப வாங்குச்சு. நான் எண்ணினேன். ஒரு நிமிஷம் முழுசா எண்ணினேன். முப்பத்தாறு வந்துச்சு. தப்பா இருக்கும்னு திரும்பவும் எண்ணினேன். மூணு தடவை எண்ணினேன். முப்பத்தாறு, முப்பத்தஞ்சு, முப்பத்தாறு."

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் உண்மையாக எண்ணப்பட்ட மூச்சு அது ஒன்றுதான்.

"உங்ககிட்ட வந்து சொல்றேன்னு எந்திரிச்சேன். அம்மாதான் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. சிஸ்டர் பாத்துட்டாங்க, அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது, உக்காருன்னாங்க. நான் உக்காந்துட்டேன். வந்து சொல்லியிருந்தா அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிருப்பீங்கல்ல?"

இங்கேதான் சொல்லியிருக்கலாம். நீ சரியாகத்தான் எண்ணினாய், நான்தான் எண்ணவில்லை என்று ஒரே வரி. அதைச் சொல்லாமல் இருப்பதற்கு அவளுக்கு நூறு காரணம் உண்டு, அதில் பாதி நல்ல காரணமும்கூட. பிள்ளை தூங்க வேண்டும். அப்பாவுக்கு நிம்மதி வேண்டும். ஆனால் அந்த நிமிஷத்தில் அவள் கண் போனது அப்பாவின் கையிலிருந்த தாளுக்குத்தான். அதை அவள் மறைக்கலாம், நான் மறைக்க மாட்டேன்.

"நெஞ்சு ஏறும்போது ஒண்ணு, எறங்கும்போது ஒண்ணுன்னு எண்ணியிருப்ப," என்றாள். குரல் அவ்வளவு கனிவாக வந்தது. "ஏறி எறங்கினாத்தான் ஒரு மூச்சு. புதுசா எண்ணுறவங்க எல்லாரும் செய்ற தப்புதான் இது."

"இல்லக்கா, நான் ஏறும்போது மட்டும்தான்..." என்று ஆரம்பித்த பெண் நிறுத்தினாள். யோசித்தாள். "அப்படித்தான்னு நெனைக்கிறேன்."

"பயத்துல தெரியாதும்மா. படிக்கும்போது நானே அப்படித்தான் எண்ணி டீச்சர்கிட்டத் திட்டு வாங்கியிருக்கேன்."

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. மனக்கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"முப்பத்தாறுல பாதி பதினெட்டு."

"ஆமா. நான் இருபதுன்னு எழுதியிருக்கேன். ஒண்ணு ரெண்டு கூடக் குறைய வரும்."

"அப்போ அம்மா நல்லாத்தான் மூச்சு விட்டாங்களா?"

"நல்லாத்தான் விட்டாங்க."

"நான் வந்து சொல்லியிருந்தாலும்..."

"ஒண்ணும் மாறியிருக்காது கண்ணு."

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். ஒன்பது நாளாக அடைத்து வைத்த அழுகை. சத்தமில்லாமல் தோள் குலுங்க வந்தது. அவள் அப்பா மகளின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, நான் சொன்னேன்ல, உனக்கு எண்ணத் தெரியலன்னு. படிச்சவங்களே சொல்றாங்க பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெண்ணும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். தனக்கு எண்ணத் தெரியவில்லை என்பதை அவ்வளவு நன்றியோடு ஒத்துக்கொண்ட ஒரு பிள்ளையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள் அந்தப் பெண்.

அப்பா தாளைச் சுவரில் வைத்து நீவினார். சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை. அவளுடைய யூனிஃபார்ம் பையில் மூன்று பேனா இருந்தன. எடுக்கக் கை வரவில்லை. மகள்தான் பள்ளிக்கூடப் பையின் முன் ஜிப்பைத் திறந்து, தன் நீலப் பேனாவின் மூடியைக் கழற்றி, எழுதுகிறதா என்று உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள்.